சரக்கு யாருடையது?

கிடங்கில் ஐந்நூறு மூட்டை சர்க்கரை கிடக்கிறது. அதில் ஐம்பது மூட்டைக்கு விலை பேசி, பணத்தையும் கொடுத்துவிட்டீர்கள். காலையில் வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு. இரவில் கிடங்கு பற்றி எரிந்து சாம்பலாகிவிடுகிறது. நஷ்டம் யாருக்கு?

பணம் வந்துவிட்டது, எரிந்தது வாங்கினவர் சரக்கு என்று கடைக்காரன் சொல்வான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சட்டம் அவனிடம் ஒரு கேள்வி கேட்கும். ஐந்நூறில் அவருடைய ஐம்பது எவை? தனியே பிரித்து அடையாளம் இட்டு வைத்திருந்தால் சரி. உரிமை மாறிவிட்டது, எரிந்தது உங்கள் சர்க்கரைதான். பிரிக்கவில்லையென்றால் எரிந்தது அவ்வளவும் கடைக்காரனுடையது.

கேட்க வேடிக்கையாக இருக்கும். கிடங்குக்குப் பதில் ஒரு கப்பலை வைத்துப் பாருங்கள். விற்றவன் ஒரு தேசம், வாங்கியவன் ஒரு தேசம், இன்ஷூரன்ஸ் கம்பெனி வேறொரு தேசம். சரக்கோ நடுக்கடலில் முழுகிப் போயிற்று. இத்தகைய வியாஜ்யங்களுக்கென்றே பிறந்தவரைப் போல லண்டனில் ஒரு பாரிஸ்டர் இருந்தார். பெயர் ஜூடா பிலிப் பெஞ்சமின். அவருடைய சரித்திரத்தை நான் நாவலாக எழுதினால், இப்படியெல்லாம் நடக்குமா என்று நீங்களே கடிதம் போடுவீர்கள்.

1811-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யேல் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் வக்கீலானார். லூசியானா மாகாணத்தின் செனட்டரானார். 1861-ல் தென் மாகாணங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தபோது அதில் அட்டர்னி ஜெனரல், பிறகு யுத்த மந்திரி, கடைசியில் வெளிநாட்டு மந்திரி. அந்த அரசின் இரண்டு டாலர் நோட்டில் அவர் முகம் அச்சாகியிருந்தது. 1865-ல் நோட்டும் செல்லாமல் போயிற்று, அரசும் போயிற்று.

இங்கிலீஷ் தெரியாத பிரெஞ்சுக்காரராக வேஷமிட்டு அவர் புளோரிடாவுக்குத் தப்பி ஓடினார். அங்கிருந்து படகில் பிமினி தீவு. பிறகு கடற்பஞ்சு ஏற்றிய ஒரு சிறு கப்பல். அது நடுக்கடலில் முழுகிவிட்டது; மூன்று கறுப்பு மாலுமிகளோடு ஒரு தோணியில் குதித்து உயிர் பிழைத்தார். ஒருவாறு நஸ்ஸாவ் துறைமுகத்தை அடைந்து, ஹவானா போய், இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினால், அந்தக் கப்பலில் தீப்பிடித்தது! பிற்காலத்தில் கப்பல் இன்ஷூரன்ஸ் வழக்குகளில் அவர் பேசியதெல்லாம் வெறும் புத்தக ஞானம் என்று யாரும் சொல்ல முடியாது.

1865 ஆகஸ்டு கடைசியில் ஸௌதாம்ப்டனில் இறங்கியபோது வயது ஐம்பத்து நான்கு. நம்மில் பலர் பென்ஷன் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது. அவரோ மாணவராக லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். மூன்று வருஷம் காத்திருக்க வேண்டிய விதியைத் தளர்த்திச் சில மாதங்களிலேயே, 1866 ஜூனில், பாரிஸ்டராக்கினார்கள். அதற்கு முந்தின மாதந்தான் ஓவரெண்டு கர்னி பாங்கி முறிந்து, மிச்சமிருந்த பணமும் போயிருந்தது. வயிற்றுப்பாட்டுக்குப் பத்திரிகைகளில் எழுதினார். கட்சிக்காரர்கள் வருவார்களோ என்று காத்திருந்த நாட்களில் ஒரு புத்தகமும் எழுதினார்.

1868-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பற்றியது. ஆங்கில வக்கீல்களுக்கு ஆங்கிலச் சட்டந்தான் தெரியும். லூசியானாவிலோ பிரான்சும் ஸ்பெயினும் விட்டுப்போன சட்டம் வழங்கிற்று. சுற்றிலும் இங்கிலாந்தின் வழியில் வந்த சட்டம். பெஞ்சமின் இரண்டிலும் ஊறியவர். ரோமானியச் சட்டப்படி பொருளை ஒப்படைத்தால்தான் உரிமை மாறும். பிரெஞ்சுச் சட்டப்படி குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு இருவரும் சம்மதித்த கணத்திலேயே மாறிவிடும். இங்கிலாந்தில் இருவர் மனத்திலும் என்ன எண்ணம் இருந்தது என்று தேட வேண்டும். இப்படி அருகருகே வைத்துச் சொல்ல ஆள் கிடைத்ததும், பல தேசத்துப் பருத்தி வந்து இறங்கும் லிவர்பூல் வர்த்தகர்கள் விடுவார்களா? வழக்குகள் குவிந்தன. 1872-ல் ராணியின் வக்கீல்களுக்குச் சமமான அந்தஸ்து கிடைத்தது. சில வருஷங்களில் பிரபுக்கள் சபையிலும் பிரிவி கவுன்சிலிலும் தவிர வேறெங்கும் அவர் ஆஜராவது அபூர்வமாயிற்று.

அதே 1872-ல் ஜெனீவாவில் ஐந்து மத்தியஸ்தர்கள் கூடி, அலபாமா முதலிய கப்பல்கள் விளைத்த நாசத்துக்காக இங்கிலாந்து அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். அலபாமா, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் கட்டப்பட்டு, பெஞ்சமின் மந்திரியாயிருந்த அரசுக்காகக் கடலில் கொள்ளையிட்ட கப்பல்!

இவ்வளவு சாமர்த்தியத்தையும் வியந்துகொண்டே படித்த எனக்கு, தொண்டையில் முள்ளாகச் சிக்கியது ஒரு பழைய வழக்கு. 1841-ல் கிரியோல் என்ற கப்பல், விற்பனைக்காக 135 அடிமைகளை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் புறப்பட்டது. பத்தொன்பது பேர் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றி நஸ்ஸாவுக்குத் திருப்பினார்கள். அது ஆங்கிலேயர் மண். அங்கே அடிமை முறை ஒழிந்திருந்தது. பெரும்பாலோர் விடுதலை அடைந்தார்கள். எஜமானர்கள் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வழக்காடினார்கள். கம்பெனிகளின் வக்கீல் பெஞ்சமின்.

அடிமையும் மனிதன், அவனுக்கும் நெஞ்சு உண்டு, சுதந்திர தாகம் உண்டு, வாய்ப்புக் கிடைத்தால் அவன் எழுவான் என்பது தெரிந்த விஷயம், ஆகவே இந்த நஷ்டம் சரக்கின் இயல்பிலேயே உள்ளது என்று வாதித்தார். 1845-ல் மக்கார்கோ என்ற எஜமானரின் வழக்கில் லூசியானாவின் மேல்கோர்ட்டு கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. அந்த வாதத்தைக் கேட்டு யாருக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அதே பத்தாண்டில் பெஞ்சமின் பெல்ஷாஸ் என்ற கரும்புத் தோட்டத்தை வாங்கினார். அதில் சுமார் 140 அடிமைகள் வேலை செய்தார்கள்.

வக்கீலின் வாய் வேறு, மனம் வேறு என்று சமாதானம் சொல்லலாம். எனக்குத் திருப்தியில்லை. அந்த வாதத்தை அவர் உணராமல் பேசியிருந்தால் ஒன்றுமில்லை. உணர்ந்தே பேசியிருக்கிறார் என்பதுதான் என் எண்ணம். கிரியோல் விவகாரம் அத்துடன் முடியவும் இல்லை. இரண்டு அரசுகளும் 1853-ல் ஒப்புக்கொண்ட மத்தியஸ்தத்துக்கு அது போயிற்று; 1855-ல் எஜமானர்களுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேல் நஷ்டஈடு கிடைத்தது. அந்த அடிமைகள் கரை இறங்கிய நஸ்ஸாவில்தான் சுமார் இருபத்து நான்கு வருஷம் கழித்துப் பெஞ்சமினும் தப்பியோடியவராக இறங்கினார். அப்போது அவருக்கு அந்தக் கப்பல் ஞாபகம் வந்ததா?

கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. மனிதர் தம் காகிதங்களை எல்லாம் எரித்துவிட்டார். 1883-ல் தொழிலை விட்டபோது லண்டன் வக்கீல்கள் பெரிய விருந்து வைத்து வழியனுப்பினார்கள். அடுத்த வருஷம் மனைவி வசித்துவந்த பாரிஸில் காலமானார். விற்பனைச் சட்டப் புத்தகம் அவர் பெயரோடு இன்றும் புதுப்பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. கல்லறையில் மட்டும், 1938-ல் ஒரு பலகை பதிக்கும் வரையில், வந்தவர்களுக்கு ஆள் யாரென்று சொல்ல ‘பிலிப் பெஞ்சமின்’ என்ற பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.