நானூறாம் நம்பர் பூனை

பூனைக் கதைன்னதும் குழந்தைகளைக் கூப்பிட்டுடாதீங்க. இது கொஞ்சம் சோகமான பூனை.

ஜப்பானில் கியூஷு தீவில் மினமாட்டான்னு ஒரு கடலோர ஊர். 1950களில் அங்கே பூனைகள் வலிப்பு வந்து விழுந்து செத்தன. அப்புறம் மனுஷங்களுக்கும் கை கால் நடுக்கம், பேச்சுக் குழறல். 1956 மே 1-ம் தேதி, காரணம் தெரியாத நோய் என்று சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனது. சொன்னது சிஸ்ஸோ ரசாயன ஆலையின் மருத்துவமனை. அதன் தலைமை டாக்டர் ஹஜிமே ஹொசோகவா.

1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, மீனில் சேர்ந்த கரிமப் பாதரசம்தான் காரணம் என்றது. கம்பெனி மறுத்தது. ஹொசோகவா சும்மா இருக்கல. ஆலைக் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதுதான் நானூறாம் நம்பர். அக்டோபரில் அதுக்கும் அதே நோய்!

முடிவு வெளியே வரல. கம்பெனி மூடி வைத்துவிட்டது. அதே டிசம்பரில் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: கொஞ்சம் ஆறுதல் பணம் தருவோம், பின்னால ஆலைதான் காரணம்னு தெரிஞ்சாலும் மேற்கொண்டு கேட்கக் கூடாது. பூனை விஷயம் கம்பெனிக்குத் தெரியும், கையெழுத்துப் போட்ட மீனவருக்குத் தெரியாது. 1965-ல் நிகாட்டாவில், அதே மாதிரி வேறொரு ஆலையால், அதே நோய் வந்தது. அரசு காரணத்தை ஒத்துக்கொண்டது 1968 செப்டம்பரில். ஹொசோகவா 1970-ல் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி சாட்சி சொல்லிவிட்டு, அதே வருஷம் இறந்துபோனார். 1973-ல் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது.

இதைப் படிச்சப்போ எனக்கு இன்னொரு ஊர் ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் குடிநீருக்கு ஃபிளின்ட் ஆற்றுக்கு மாறினார்கள். சரியாகச் சுத்திகரிக்காத அந்தத் தண்ணி குழாய்களை அரித்து, ஈயம் கலந்தது. அதிகாரிகள் பயமில்லை என்றார்கள். 2015-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு 300 சோதனைப் பெட்டிகளை அனுப்ப, ஜனங்களே தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணியைப் பிடித்துக் கொடுத்தார்கள். முடிவுகள் உடனுக்குடன் இணையத்தில் எல்லார் பார்வைக்கும் வந்தன. உள்ளூர் டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியதைக் காட்டினார். அக்டோபரில் பழைய தண்ணிக்கே திரும்பினார்கள்.

அங்கே ஒன்பது வருஷம், இங்கே சில மாசம். ஃபிளின்ட் குழந்தைகள் உடம்பில் ஏறினது ஏறினதுதான், அதை மறுக்கல. ஆனா தண்ணியைச் சோதிச்ச கணக்கு, அதைக் குடிக்கிறவன் கைக்கு வந்தாகணும்னு எனக்குத் தோணுது. உங்க ஊர் ஏரித் தண்ணிக் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?