எழுத்துருக் கோப்புகளும் பகுப்பு நிரல்களும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினிக் கோப்பொன்றைப் படித்து அதன் உறுப்புகளைப் பிரித்தறியும் நிரலைத் தாமே எழுதுவதா, முன்னரே பலர் எழுதிச் செம்மை செய்த பொது நிரல் தொகுதியைக் கையாள்வதா என்னும் வினா தொழில்நுட்பர்க்கு மட்டும் உரியதாகத் தோன்றலாம். ஆயின் ஈழத்துத் தமிழெழுத்தின் அண்மைக்கால வரலாற்றை நோக்குமிடத்து, அது நமது எழுத்துச் செல்வத்தின் இருப்போடு தொடர்புற்றிருத்தல் புலனாகும்.

செங்கலடியை அடுத்த வந்தாறுமூலையில், 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய நிறுவனம் 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அது வளர்ந்த காலமே ஈழத்து அச்சகங்கள் ஈய எழுத்தைக் கைவிட்டுக் கணினியை நாடிய காலமுமாகும். அந்நாளில் பெருவழக்குப் பெற்றது பாமினி எழுத்துருவாகும். ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்தியதே அதன் முறை. எழுத்துரு அகன்றால் கோப்பில் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே.

1991 இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்கு உலகப் பொது இடத்தை வகுத்தது. எனினும் 1999 இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்னும் வேறிரு குறியீடுகளை ஏற்றது. 2010 இலேயே ஒருங்குறிக்கு வந்தது. இவ்விடைக்காலத்தில் மாற்று நிரல்கள் பல தனித்தனியே எழுதப்பட்டன. உழைப்பு மட்டுமன்றிப் பிழையும் மீண்டும் மீண்டும் பிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். தட்டச்சு மரபைப் பின்பற்றிய பாமினியில் எகரக் கொம்பு மெய்க்கு முன் நிற்கும்; ஔகாரக் குறிக்குத் தனி வடிவமின்றி ளகரமே பயன்படும். கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்து வந்தால் 'வௌ' என ஒரே பாய்ச்சலில் மாற்றும் நிரல், 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' ஆக்கிவிடும். இலங்கைச் செய்தித்தளங்களில் இவ்வடிவத்தைக் காணாத வாசகர் அரியர். வாவியில் வாழும் கெளிறும் இதே விபத்துக்கு உள்ளாகும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வருகின்றதா என நோக்கும் ஒரு விதி இதனைத் தவிர்க்கும். ளகரம் குறியின்றி நிற்குமிடத்து, 'வௌவால்' போன்றவற்றை இனங்காணச் சொற்பட்டியல் வேண்டும். கண்டறிந்தவர் விதியைத் தம் நிரலுக்குள் வைத்துக்கொண்டமையால் அது பிறர்க்குப் பயன்படவில்லை.

பொது நிரல் தொகுதியின் பெருமை இங்கேதான் உள்ளது. ஒருவர் கண்ட திருத்தம் அனைவர்க்கும் உடைமையாகின்றது. ஆயினும் அதனை ஐயமின்றி ஏற்றலும் தகாது. உலகமொழிகள் அனைத்தையும் கருதி எழுதப்பட்ட நிரல்கள் பல, 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை ஐந்து குறிகளாகவே எண்ணுகின்றன. அவற்றுக்குப் புள்ளியும் விசிறியும் தனி உறுப்புகள். இக்குறையை நிரப்பவே எழுத்தைப் பிரித்தெண்ணுதலையும் பாமினி முதலியவற்றை மாற்றுதலையும் ஓரிடத்தே கொண்ட 'ஓபன்-தமிழ்' போன்ற திறந்த தொகுதிகள் எழுந்தன.

ஆகவே முழுவதையும் புதிதாய் எழுதல், முழுவதையும் இரவல் பெறல் என்னும் இரண்டுமே குறையுடையன. பொதுவானதைப் பொதுத் தொகுதியிலிருந்து பெற்று, நமது கோப்புகளுக்கே உரிய விதிகளை நாமே எழுதி, சோதனைச் சொற்களுடன் அத்தொகுதிக்கே திருப்பி அளித்தல் வேண்டும். மூலக்கோப்பை அழியாது காத்தலும் இன்றியமையாதது. மாற்றத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த அதுவொன்றே சான்று. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து அச்சேடுகளைக் கூட்டுழைப்பால் காத்துவருகின்றது. எழுத்துருக் கோப்புகளும் அத்தகைய கூட்டுழைப்பையே வேண்டி நிற்கின்றன.