மருத்துவப் படிப்பு நுழைவு: கோல சிலாங்கூர் தோட்டப்புற மாணவர்களின் வழி

இந்தியாவின் நீட் போலவோ அமெரிக்காவின் எம்கேட் போலவோ மருத்துவப் படிப்புக்கென்று நாடு தழுவிய தனி நுழைவுத் தேர்வு மலேசியாவில் இல்லை. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் அதற்கு அடுத்த முன்பல்கலைக்கழகப் படிப்பும்தான் அரசுப் பல்கலைக்கழக வாசலைத் திறக்கின்றன. நடைமுறையில் நுழைவுப் போட்டி நான்காம் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே உயிரியல், வேதியியல், இயற்பியலை எடுக்காத மாணவருக்கு மருத்துவம் அநேகமாக அப்போதே கைநழுவிவிடும்.

இந்தப் போட்டிக்கு வரும் தோட்டப்புற மாணவர்களின் பின்னணி இது. மலாயாவில் செம்பனை வணிக அளவில் முதன்முதலாக நடப்பட்டது கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில், 1917-ல். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டுகள் படித்து, மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். மருத்துவப் படிப்போ பெரும்பாலும் ஆங்கிலத்தில். மூன்று மொழிகளைக் கடந்து வரும் இந்த உழைப்பு எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை.

எஸ்.பி.எம்.முக்குப் பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, ஆறாம் படிவத்தில் மூன்று பருவங்கள் படித்து எழுதும் எஸ்.டி.பி.எம். இதை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. மற்றொன்று, கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன், பெரும்பாலோருக்கு ஓராண்டுதான். பாடத்திட்டமும் தேர்வும் வேறுவேறு. ஆனால் 2002-ல் பல்கலைக்கழக நுழைவில் இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாகத் தகுதிமுறை வந்தபின் இரண்டின் முடிவுகளும் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. எஸ்.டி.பி.எம்.மில் முழுப் புள்ளியான 4.00 பெற்ற 128 பேருக்கு 2004-ல் மருத்துவ இடம் மறுக்கப்பட்டபோது, இந்த ஒப்பீட்டின் குறை நாடெங்கும் பேசுபொருளானது. பொதுவான ஒரே தேர்வு இருந்திருந்தால் இரண்டு தேர்வுகளையும் சமமாக வைப்பது நியாயமா என்ற சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காட்டு இடங்கள் மலாய்க்காரர்கள் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு உரியவை. இந்திய மாணவர்களுக்கான இடங்கள் 2012-ல் 1,500 ஆக உயர்ந்தன. எஸ்.பி.எம்.மில் 10ஏ பெறும் எந்த இனத்தவருக்கும் இடம் உறுதி என்று 2024-ல் அரசு அறிவித்தது. வசதி குறைந்த பள்ளியில் படித்து 8ஏ, 9ஏ எடுப்பவர் இந்த உறுதிக்குள் வரமாட்டார்.

அரசு இடம் கிடைக்காதவர்கள் கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் முதலான தனியார் பல்கலைக்கழகங்களை நாடுகிறார்கள். தோட்டக் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் பெருஞ்சுமை. இந்தியாவுக்குப் போக நினைப்பவர் நீட் எழுதியே ஆகவேண்டும். 2022-ல் கோலாலம்பூரிலும் அதற்குத் தேர்வு மையம் அமைந்தது.