மலைக்கு அந்தப் பக்கம்

இமயமலைக்குப் போய் வந்த மனிதரிடம் அகப்பட்டுக்கொண்டால் தப்புவது கஷ்டம். சென்ற மார்கழியில் நான் என் மைத்துனரிடம் அகப்பட்டுக்கொண்டேன். மனைவியின் தம்பி ஆகையால் பாதியில் எழுந்து போகவும் வழியில்லை. சேத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் அதிகம் போகாத பள்ளத்தாக்குகளையும், மலைக்கு மேலே விரித்த ஜமக்காளம் போன்ற புல்வெளிகளையும் இரண்டு மணி நேரம் வர்ணித்தார். ஒன்பது நாள் மோட்டாரிலேயே சுற்றினாராம்.

"அத்தான், எழுதுகிறவங்க ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடம்" என்று முடித்தார்.

நான் மேற்கே பார்த்தேன். சூரியன் இறங்கிவிட்டபடியால் மலை கறுத்து நின்றது. பிறந்த நாள் முதல் பார்த்து வருகிற மலை அது. ஆனி, ஆடி மாதங்களில் மேகம் அதன் முகட்டில் வந்து முட்டி நிற்கும். எங்கள் பக்கம் காற்று வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கொஞ்சம் சாரல் வரும். மழையெல்லாம் அந்தப் பக்கத்துக்குத்தான். எங்கள் கண்மாய்கள் ஐப்பசியை நம்பி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

"அது இருக்கட்டும் மாப்பிள்ளை, இந்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"காடுதான் இருக்கும்" என்றார் அவர்.

எனக்கும் புத்தகத்தில் படித்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது. இரண்டு பேருக்குமே சற்று வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த வாரம் அவருடைய மோட்டாரிலேயே புறப்பட்டோம்.

நேரே மலையேறிப் போக மோட்டார் பாதை கிடையாது. அந்தக் காடு 2021-ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாக இருக்கிறது. ஆகவே நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்ப்பதற்கு ஊரையே சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம் என்று ஏறக்குறைய நூறு மைல் ஓடி, குமுளி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறித் தேக்கடி ஏரிக்கரையில் நின்றோம்.

ஏரியின் தென்கோடியில் அடுக்கடுக்காக நீலமலைகள் தெரிந்தன. அவற்றுக்கும் அப்பால்தான் சிவகிரி, சேத்தூர் மலைகள். அதாவது, எங்கள் மலையின் முதுகுப்புறத்தை முதல் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஊரான சிவகிரிக்கு மேற்கே உள்ள மலைகளில்தான் பெரியாறு பிறக்கிறது. பிறந்த ஆறு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வடக்கே ஓடி, முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு, மேற்கே திரும்பி அரபிக் கடலுக்குப் போய்விடும். அதுதான் இயற்கை போட்ட பாதை.

அந்த ஆற்றைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரரோடு பிறந்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியான முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து பார்த்து, செலவு தாங்காது என்று விட்டுவிட்டார். 1808-இல் இதைப் பரிசீலித்த கால்டுவெல் என்ற பட்டாள அதிகாரி, நடக்காத கற்பனை என்று ஒதுக்கித் தள்ளினார். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் பஞ்சம் என்றால் இன்றைக்கும் அந்த வருஷத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்ட பிறகு கற்பனையாக இருந்தது அவசியமாகிவிட்டது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். குத்தகைக் காலம் 999 வருஷம். 1887-இல் பென்னிகுயிக் வேலையைத் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடியும் கட்டினார்கள். 1895-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். மலையைக் குடைந்த ஒரு மைலுக்கும் அதிக நீளமான சுரங்கத்தின் வழியே பெரியாறு கிழக்கே இறங்கி, வைகையோடு சேர்ந்தது.

மைத்துனர் தண்ணீரில் நின்ற பட்ட மரங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மரங்கள் அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிற்கின்றன. அந்தக் காட்டில் வேலை செய்தவர்கள் மலேரியாவிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். விஷ ஜுரம் அதிகமாகும் மாதங்களில் வேலையையே நிறுத்திவிட்டுக் கீழே இறங்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கல்லறையில் பெயர் வெட்டியிருக்கிறது. பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் தைப் பொங்கலன்று அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். அது நன்றியுள்ள ஜனங்கள் செய்கிற காரியம். ஆனால் சுண்ணாம்பும் கல்லும் சுமந்தவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

மறுநாள் ஏலமலைகளின் வழியாக மூணாறுக்குப் போனோம். தேயிலைத் தோட்டங்களை ஜனங்கள் 'இயற்கை அழகு' என்று சொல்லுகிறார்கள். அதில் இயற்கை கொஞ்சம், கணக்கு அதிகம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை, பாண்டியர் வழி வந்ததாகச் சொல்லப்படும் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அந்த மலை முழுவதும் அப்போது சோலையும் புல்லுமாக இருந்தது. எஞ்சிய புல்வெளி இப்போது இரவிகுளம் தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஆனைமுடியின் அடிவாரத்தில் அதைப் பார்த்தபோது மைத்துனர் வாயடைத்துப் போனார்.

"அத்தான், நான் அங்கே பார்த்தது இதே மாதிரிதான்!" என்றார்.

வரையாடு ஒன்று பாதையோரம் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாயை வைத்தது. அந்தப் புல் வெறும் அலங்காரம் அல்ல. பெய்த மழையைப் புல்லும் சோலையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. மலை ஆறுகள் பங்குனியிலும் ஓடுகிற ரகசியம் அதுதான்.

இந்த மலைகளின் பழங்குடிகள் முதுவர்கள். மதுரையில் கலகம் வந்த காலத்தில் மீனாட்சியம்மன் விக்கிரகத்தை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியவர்களின் சந்ததி நாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்களோ இல்லையோ, முதுகில் சுமந்து ஏறினார்கள் என்பதை நான் நம்புகிறேன். ஏனென்றால் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் ஏறினார்கள். கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரச் சீமைகளில் முன்பணம் கொடுத்துச் சேர்த்த ஜனங்கள் போடிநாயக்கனூர் வந்து, குரங்கணி வழியாகக் கால்நடையாய் மலையேறினார்கள். முதுகில் மூட்டை, இடுப்பில் குழந்தை. தேயிலைப் பெட்டிகளுக்கோ அந்தக் கஷ்டம் இல்லை. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டு, 1908-இல் அதைச் சிறிய ரயிலாகவே மாற்றினார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போயிற்று. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடியோடு துடைத்துவிட்டது.

ரயில் போயிற்று, ஜனங்கள் தங்கினார்கள். இரவிகுளத்துக்கு அருகே பெட்டிமுடி என்ற இடத்தில் 2020-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளை மூடியது. 70 பேர் போனார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் கயத்தாறு. எங்கள் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியான்னச் சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம், அந்த ஊருக்கு. தலைமுறை தலைமுறையாக மலைக்கு உழைத்த குடும்பங்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் பலர் காதில் விழுந்தது.

கடைசி நாள் டாப் ஸ்டேஷனில் நின்றோம். காலடியில் செங்குத்தான பள்ளம். பனிக்குக் கீழே எங்கேயோ குரங்கணி. அங்கிருந்து வட்டவடைக்குப் போனோம். படிப்படியான வயல்களில் பூண்டும் கிழங்கும் விளையும் அந்தப் பள்ளத்தாக்கு கேரளத்தில் இருக்கிறது. டீக்கடையில் எங்களோடு பேசியவர்கள் எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள். வழியில் பாம்பாடும் சோலையிலிருந்து ஒரு பழைய பாதை பிரிகிறது. எட்டாயிரம் அடி உயரத்தைத் தொட்டு, பேரிஜம் ஏரி வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பாதை அது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று சென்னையே கிலி பிடித்துக் காலியானபோது, துரைமார் கொச்சிக்குத் தப்பி ஓட வசதியாக அதைச் செப்பனிட்டார்கள். 'எஸ்கேப் ரோடு' என்று பெயரும் வைத்தார்கள். ஜப்பானியர் வரவில்லை. 1990-இல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது காடு அதை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.

ஊருக்குத் திரும்பும்போது நான் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாங்கள் அழகு பார்க்கப் போனோம். ஆனால் நாங்கள் பார்த்த வழிகளில் ஒன்றாவது அழகு பார்ப்பதற்காகப் போட்டதில்லை. ஆற்றைத் திருப்பிய வழி பசியால் உண்டாயிற்று. டாப் ஸ்டேஷன் வழி லாபத்துக்காக. கொடைக்கானல் வழி பயத்தினால். மூன்றிலும் கல் சுமந்தவர்கள் எங்கள் கரிசல் காட்டு ஜனங்களைப் போன்றவர்களே.

அன்று சாயங்காலம் மறுபடியும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். மலை பழையபடி கறுத்து நின்றது. மைத்துனர் வெகு நேரம் பேசவில்லை.

"அத்தான், இமயமலையிலும் ரோட்டோரத்தில் கல் உடைக்கிறவங்களைப் பார்த்தேன். எல்லோரும் ஜார்க்கண்டிலிருந்து வந்தவங்கன்னு டிரைவர் சொன்னான். குளிரிலே ஒரு பொம்பளை பிள்ளையை முதுகிலே கட்டிக்கிட்டுத் தார்ச் சட்டி தூக்கிட்டுப் போனா" என்றார்.

"அதை நீங்க அன்னைக்குச் சொல்லவே இல்லையே மாப்பிள்ளை?"

"சொல்லணும்னு தோணலை. படமும் எடுக்கலை, அத்தான்" என்றார்.