பெயர்கள் எஞ்சின, துணிகள் எங்கே?

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், துகில் வகைகள் என 36 பெயர்களை அடுக்கிச் செல்கிறார். கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம் என நீளும் அப்பட்டியலை வகுப்பில் நடத்தும்போது, "இவற்றில் ஒன்றையாவது இன்று பார்க்க முடியுமா?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. முடியாது என்பதே விடை. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்த ஆடைகள் மதுரை வீதியில் குவிந்து கிடந்ததை இளங்கோவடிகள் சொல்கிறார். அவற்றின் பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. ஒரு முழத் துண்டும் இல்லை.

வெப்பமும் ஈரமும் கரையானும் இதற்குக் காரணங்கள். நம் வழக்கமும் ஒரு காரணம். பழஞ்சேலை தூளியாகும், பிறகு கைப்பிடித் துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். இது சிக்கனத்தின் அழகு. ஆனால் வரலாற்றுக்கு எதையும் மிச்சம் வைக்காத சிக்கனம்.

ஆகவே தமிழ்நாட்டுத் துணியின் வரலாற்றை அறிய, அது விற்கப்பட்ட ஊர்களுக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் கள்ளக்குறிச்சிச் சீமையைக் கடந்து இறுதியில் வெள்ளாற்றோடு கலக்கின்றன. வெள்ளாறு கடலைச் சேருமிடம் பரங்கிப்பேட்டை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் துணி வாங்கக் காத்திருந்த துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. சோழமண்டலக் கரையில் வாங்கிய துணியைக் கொடுத்து, இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் பெற்றனர். அத்தீவுகளில் சுலவேசியின் தொராஜா மக்கள் இந்தியத் துணிகளைக் குலச்சொத்தாகப் போற்றி, சடங்குகளில் மட்டுமே வெளியே எடுத்தனர். சில துணிகளில் டச்சுக் கம்பெனியின் முத்திரை இன்றும் தெரிகிறது. காலத்தைக் கணிக்க அதுவே ஆய்வாளர்க்குச் சான்று. தக்காணத்தவை எனக் கருதப்படும் கம்பளங்கள் சில, ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கியோன் திருவிழாவின் தேர்களை அணிசெய்யக் காக்கப்பட்டு வந்துள்ளன. ஐரோப்பாவிலோ நம் அச்சுத்துணி மோகம் உள்ளூர் நெசவை அச்சுறுத்த, பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721ஆம் ஆண்டுகளிலும் தடைச் சட்டங்கள் இயற்றின. தடையையும் மீறி எஞ்சியவை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் டொரண்டோவின் ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இவையெல்லாம் பெரும்பாலும் ஏற்றுமதிக்கென நெய்த, வரைந்த உயர்துணிகள். உழவர் கட்டிய வேட்டியையும் தலைப்பாகையையும் யார் சேகரித்தார்கள்? விடை சற்றே கசப்பானது. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்னும் அதிகாரி, இந்தியத் துணிகளை வெட்டி 700 மாதிரிகளாக 18 தொகுதிகளில் ஒட்டினார். இவ்வாறு 20 படிகள் உருவாயின. 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்பதை ஆங்கில ஆலை முதலாளிகள் கண்டு, அதுபோலவே நெய்து இங்கே விற்க வேண்டும் என்பது நோக்கம். சாதாரண மக்களின் ஆடை முறையாகச் சேகரிக்கப்பட்டது, அதை நெய்தவனின் பிழைப்பைப் பறிப்பதற்காக. இன்று அந்த நெசவை அறிய நமக்கு உதவும் அரிய ஆவணமும் அதுவே.

சாயத்திற்கும் அதே கதி நேர்ந்தது. கள்ளக்குறிச்சி அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம் அவுரி நீலத்திற்குப் பெயர்பெற்றது. 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அத்தொழில் நலிந்தது.

இன்று பழந்துணி சேகரிப்போர் பட்டையும் சரிகையையும் தேடுகிறார்கள். பவானி ஜமக்காளத்திற்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் பாட்டன் காலத்து ஜமக்காளத்தைக் கலைப்பொருளாக எண்ணிப் பாதுகாக்கும் வீடுகள் அரிது. கல்யாண வீட்டில் ஊரே அமர்ந்த விரிப்பு, கிழிந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் போகிறது.

2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குத் தன் வரலாற்றை எழுதிக்கொள்ளும் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. கல்வெட்டும் ஓலையும் தேடுவோர் பழைய டிரங்குப் பெட்டிகளையும் திறந்து பார்க்கலாம். கிடைக்கும் துணியை வெயில் படாமல், மடிக்காமல் சுருட்டி வைத்தால் போதும். அதைவிட முக்கியமாக, யார் நெய்தது, எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த விசேடத்திற்கு உடுத்தியது என்பதை வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அடியார்க்குநல்லார் பெயர்களை விட்டுச் சென்றார். நாம் பெயரையும் துணியையும் சேர்த்தே விட்டுச் செல்லலாம்.