காவி

காவி என்பது இரும்பு ஆக்சைடு மிகுந்த மண். அதிலிருந்து எடுக்கும் நிறப்பொருளுக்கும் அதுவே பெயர். செங்காவியில் ஹேமடைட்டும் மஞ்சட்காவியில் கோதைட்டும் உண்டு. மஞ்சட்காவியைச் சுட்டால் நீர்க்கூறு நீங்கிச் சிவந்துவிடும்.

தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் இதே சொல்தான். அதனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் தமிழக–கேரள எல்லையூர்களில் இதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சாலையோரச் செம்மண் இருபுறமும் ஒன்றே. இடறுவது ‘செங்கல்’தான்: தமிழில் அது சூளையில் சுட்டது, மலையாளத்தில் தரையிலிருந்து வெட்டியெடுக்கும் செம்பாறை. நெய்யாற்றின்கரை தாலுகாவில் செங்கல் என்றே ஒரு கிராமமும் இருக்கிறது.

பழந்தமிழில் காவி கருங்குவளைப் பூவையும் குறிக்கும். பெண்ணின் கண்ணுக்கு அதை உவமை சொல்வார்கள். நீலப் பூவையும் செம்மண்ணையும் வலிந்து முடிச்சுப் போடாமல், இரண்டையும் தனிச் சொற்களாகக் கொள்வதே நல்லது. முல்லைப்பாட்டில் வரும் முக்கோல் அந்தணன் உடுத்தது, காவிக்கல்லைக் குறிக்கும் ‘கல்’லில் தோய்த்த ஆடை, காவி என்ற சொல் அங்கே இல்லை. கல்லாடை என்ற பெயரும் அவ்வழியே. வடமொழிக் கைரிகம், மலையைக் குறிக்கும் ‘கிரி’யிலிருந்து வந்தது. வெற்றிலை போடுபவரின் பல்லில் ஏறும் கறையும், துவைத்துத் துவைத்து வேட்டியில் படியும் பழுப்பும் பேச்சுவழக்கில் காவிதான்.

கேரளச் சுவரோவியத்தின் சிவப்பும் மஞ்சளும் இந்த மண்ணே. காவிக்கல்லைப் பொடித்து நீரில் கலக்குவார்கள். கனத்த மணல் அடியில் தங்கியதும் நிறநீரை மட்டும் வேறு பாத்திரத்தில் இறுத்துத் தெளியவிடுவார்கள். அடியில் படிந்த மென்மையான வண்டலை உலர்த்தி வேப்பம்பிசின் சேர்த்துக் குழைத்தால் வண்ணம் தயார். எல்லைக்கு இப்புறம் பத்மநாபபுரம் அரண்மனையில் அத்தகைய ஓவியங்கள் உள்ளன. கோயில் மதில்களில் வெள்ளையோடு மாறிமாறி வரும் பட்டைக்கும், கோலத்தைச் சுற்றிய கரைக்கும் இவ்வளவு பக்குவம் தேவையில்லை.

இன்று காவி என்றதும் துறவும் அரசியலும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நெய்யாற்றின்கரைப் பக்கம் அது அத்தனை நேரானதல்ல. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு துறவிதான். ஆனாலும் வெள்ளையே உடுத்தினார். 1918இல் இலங்கைப் பயணத்தின்போதுதான் முதன்முதலாகக் காவி தரித்தார். காவிமுண்டு உடுத்திக் கூலி வேலைக்குப் போகிறவரோ, அழுக்கு தெரியாது என்பதற்காகத்தான் அதை உடுத்துகிறார்.