கட்சி நிதி கேட்டு வராங்களா? ரசீது வாங்குங்க!

மாநாடு, பொதுக்கூட்டம், தலைவர் பிறந்த நாள் என்று வட்டம், கிளை நிர்வாகிகள் கடை கடையாக நிதி கேட்டு வருவது வழக்கம். சில இடத்தில் ரசீதே இருக்காது.

2017 முதல் ஒரு நன்கொடையை 2 ஆயிரம் ரூபாய் வரைதான் ரொக்கமாக வாங்கலாம். அதற்கு மேல் என்றால் செக் அல்லது வங்கி வழியாகத்தான். மீறினால் கட்சிக்கு வருமான வரி விலக்கு போய்விடும்.

'கிளையில வாங்கின காசுக்கு என்ன கணக்கு?' என்று தட்டிக்கழிக்க முடியாது. தேர்தல் கமிஷன் 2014-ல் போட்ட விதிப்படி, கீழ்மட்ட கணக்குக்கும் கட்சி பொருளாளர்தான் பொறுப்பு. அன்றாட செலவு போக மீதி ரொக்கத்தை ஒரு வாரத்துக்குள் கட்சியின் வங்கி கணக்கில் போடணும். கொடுத்தவர் பெயர், முகவரியும் எழுதி வைக்கணும். கூட்டத்தில் துண்டு ஏந்தி வாங்கும் சில்லறைக்கு மட்டும் விலக்கு.

ஒரே ஆள் ஒரு நிதி ஆண்டில் 20 ஆயிரத்துக்கு மேல் கொடுத்தால், அவர் பெயரோடு தேர்தல் கமிஷனுக்கு கட்சி அறிக்கை தரணும். அது கமிஷன் இணையதளத்திலும் வரும். சிக்கலே இங்கேதான். நம்ம தெருவில் வசூலாகும் 500, ஆயிரம் எல்லாம் அந்த பட்டியலில் ஏறாது. கொடுத்தவருக்கு ஆதாரம் ரசீது மட்டும்தான்.

ரொக்கமாக கொடுத்தால் வரிச்சலுகையும் கிடையாது. 'கொடுக்கலைன்னா கடை நடத்த முடியாது' என்று மிரட்டினால் போலீசில் புகார் கொடுக்கலாம். அது பணம் பறிப்பு வழக்கு.